யு.கே.ஜி.க்கு ஒரு குத்துப்பாட்டு

பிப்ரவரி தொடக்கத்தில் மகளின் பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏப்ரல் மாத விளையாட்டு நாளுக்கான பாட்டு வந்துவிட்டது, காணொளியை இணைத்திருக்கிறோம், வீட்டில் போட்டு ஆடிப் பழகலாம் என்று எழுதியிருந்தார்கள். நெதர்லாந்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியும் எனக்குப் பிடிபடாத விஷயங்களில் இதுவும் ஒன்று. அரசரின் பிறந்தநாளை ஒட்டி ஒரு வெள்ளிக்கிழமை இந்த நாட்டின் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் அநேகமாக எல்லாரும் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு போய், பள்ளியிலேயே காலை உணவு சாப்பிட்டு, மைதானத்தில் இறங்கி ஆடிவிட்டு, அப்புறம்தான் ஓடவும் தாண்டவும் போகிறார்கள். வருடத்துக்கு ஒரு புதுப் பாட்டு. ஆனால் நாடு முழுக்க அதே பாட்டு, அதே ஆட்டம். நாலு வயதுப் பிள்ளைக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அதுதான்.

மகள் மகிழுக்கு நாலரை வயது. இது அவளுக்கு முதல் வருடம். நான் அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டை வரிவரியாகப் பார்த்தேன். எழுந்திரு, கையைத் தூக்கு, பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிடு, குதி, இன்னும் உயரமாகக் குதி. அவ்வளவுதான். திருப்பித் திருப்பிப் படித்தும் குறை சொல்ல ஒரு சொல் கிடைக்கவில்லை. அப்போது எனக்கு வந்ததே ஒரு கோபம்! குறையில்லாத பாட்டின் மேல் ஒருத்திக்குக் கோபம் வருமா என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் பிள்ளை வளர்க்கிறவர்கள் கேட்க மாட்டீர்கள்.

மறுநாள் பிள்ளையை விடப் போனபோது வகுப்பாசிரியையிடம் எனக்குத் தெரிந்த டச்சு மொழியில் கேட்டேன். இங்கே ஆசிரியையை 'யுஃப்' என்று சொல்லிப் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவார்கள். அவர் யுஃப் லோட்டா. "பாட்டை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? அப்பா அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" நான் தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டேன். அவர் முகம் மாறி, என் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கள் மதத்தில் ஆடக்கூடாதா? கவலை வேண்டாம். மற்றவர்கள் ஆடும்போது மகிழ் நூலகத்தில் படம் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்" என்றார். நான் பதறிப்போய், இல்லை இல்லை, எங்கள் ஊரில் ஆடாத சாமியே இல்லை என்று சொல்ல நினைத்து, வார்த்தை கிடைக்காமல் வாசலில் நின்று இரண்டு முறை குதித்துக் காட்டிவிட்டு வந்தேன். அன்று அந்த வழியாகப் போன அப்பாமார் யாரும் என்னைப் பார்த்துக் காலை வணக்கம் சொல்லவில்லை.

இந்த ஊரில் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்துவிட்டால் பள்ளி நாளில் ஊருக்குப் போக லேசில் விடமாட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு தடவை போய்விடலாம் என்று, அதே மாதம் மகிழைக் கூட்டிக்கொண்டு மூன்று வாரத்துக்குப் புறப்பட்டேன். தம்பி தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். அவன் மகள் யாழினி யு.கே.ஜி. படிக்கிறாள். நான் திருமணத்துக்கு முன்னால், பதினாறு வருடங்களுக்கு முன், இரண்டு வருடம் டீச்சராக வேலை பார்த்த அதே நர்சரி பள்ளியில்தான்.

பால் காய்ச்சிய மறுநாள், சாமான்கள் அடுக்காத ஹாலில், தம்பி மனைவி சுதா செல்போனில் ஒரு பாட்டைப் போட்டாள். சினிமாக் குத்துப்பாட்டு. யாழினி பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடத் தொடங்கினாள். மகிழ் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் முதலில் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவது சரணத்தில்தான் காது விழித்தது. பாடுகிறவள் ஊர் ஆண்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிடுகிறாள். யார் யார் என்ன கொண்டு வந்தால் என்ன தருவேன் என்று பட்டியல் சொல்கிறாள். நடுநடுவே ஒரு ஆண் குரல் பாட்டிலைத் திறக்கச் சொல்கிறது. ஐந்தரை வயதுப் பிள்ளை பாட்டிலைத் திறக்கிற மாதிரி சைகை செய்து, குடித்து, தள்ளாடி, எங்களைப் பார்த்துச் சிரித்தது. அதன் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

"இது என்ன சுதா?"

"ஸ்போர்ட்ஸ் டே டான்ஸ் மதினி. யு.கே.ஜி.க்கு இந்தப் பாட்டுதான் குடுத்திருக்காங்க. கிடைக்காத பாட்டாம். ஒண்ணாங்கிளாஸ் மிஸ் சண்டை போட்டாங்களாம், எங்களுக்கு வேணும்னு."

அந்தச் சண்டை எனக்குத் தெரியும். பள்ளி விழாவுக்குப் பாட்டு எடுக்கிற விதம் எங்கள் பக்கத்தில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். வரவேற்புக்குச் சாமிப் பாட்டு, கடைசிக்குத் தேசபக்திப் பாட்டு. இரண்டும் ஊருக்குக் காட்ட. நடுவில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு இடத்துக்கும் அந்த வருடம் வந்த படங்களிலிருந்து பாட்டு எடுப்பார்கள். எந்தப் பாட்டு பேருந்திலும் கல்யாண மண்டபத்திலும் காதைக் கிழிக்கிறதோ அதற்குத்தான் அடிபிடி. மூன்றாம் வகுப்புக்கு மேல் இந்த மாதிரிப் பாட்டைக் கொடுக்கத் தயங்குவார்கள், பிள்ளைகளுக்கு விவரம் தெரியுமாம். அதனால் இருப்பதிலேயே மோசமான பாட்டு எப்போதும் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைக்குப் போய்ச் சேரும். இந்த நியாயத்தை யாராவது கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். குழந்தைக்குப் புரியாது என்பதற்காகக் குழந்தையின் கையில் எதை வேண்டுமானாலும் கொடுப்பீர்களா? கத்தி என்றால் என்னவென்றும்தான் குழந்தைக்குத் தெரியாது.

மறுநாளே பள்ளிக்குப் போனேன். கரஸ்பாண்டென்ட் அண்ணாச்சி அதே நாற்காலியில், அதே தேங்காய்ப்பூத் துண்டோடு இருந்தார். தலைமுடிக்கு மட்டும் சாயம் ஏறியிருந்தது. வராந்தாவில் ஓர் இளம்பெண், டான்ஸ் மிஸ்ஸாக இருக்க வேண்டும், கையில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஏதோ சொல்ல ஓர் அடி முன்னால் வந்தாள். நான் இருந்த சூட்டில் அவளை முறைத்துவிட்டு உள்ளே போனேன்.

"வாங்கம்மா, எப்ப வந்திய? ஹாலந்துலலா இருக்கிய? அங்கன ரொம்பக் குளிராமே?"

குளிரைப் பற்றிப் பேச நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பச்சப்பிள்ளைக்கு என்னம்மா அர்த்தம் தெரியப்போவுது? அதுக்குத் தாளம் மட்டுந்தான் கேக்கும்."

"ஆடுத பிள்ளைக்குத் தெரியாது அண்ணாச்சி. பாக்குத ஆளுகளுக்குத் தெரியும்லா?"

"பாக்குதது யாரு? பெத்தவங்கதான. அவங்கதான் இந்தப் பாட்டு வேணும்னு நிக்காங்க. போன வருசம் கிளிப்பாட்டு ஒண்ணு போட்டோம். ஒரு ஆளு கைதட்டல. எம்பிள்ளைக்கு வேற நல்ல பாட்டே கிடைக்கலயான்னு எங்கிட்ட வந்து சண்டை போடுதாங்க."

"நாங்க வேல பாக்கையில இப்படியா அண்ணாச்சி பாட்டு எடுத்தோம்?"

அவர் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த விழாப் புகைப்படங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். "சரி விடுங்க. ஒண்ணு செய்வோம். ஒங்க தம்பி பிள்ளைய மட்டும் டான்ஸ்லருந்து எடுத்துருதேன். அது பாட்டுக்கு மார்ச் பாஸ்ட்ல கொடி பிடிக்கட்டும்."

யுஃப் லோட்டாவின் நூலகம் எனக்கு ஞாபகம் வந்தது. ஏழு கடல் தாண்டிப் போனாலும் கேள்வி கேட்கிறவளுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள், உன் பிள்ளையை ஓரமாக உட்கார வை என்று. ஆனால் அங்கே பதறிப்போய் மறுத்த நான், இங்கே வீராப்பாக, "எடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பெரிய நியாயத்தை நிலைநாட்டிவிட்ட நினைப்பு எனக்கு.

வீட்டில் யாரும் அப்படி நினைக்கவில்லை. சுதா, தைக்கக் கொடுத்திருந்த ஜிகினாப் பாவாடையை வாங்கிவந்து என் கண்ணில் படுகிற மாதிரி கட்டிலில் போட்டாள். தம்பிதான் பேசினான்.

"ஏக்கா, ஒனக்கு எதுக்கு இந்த வேல? நீ மூணு வாரத்துல போயிருவ. நாங்கலா இங்கன இருக்கணும்?"

"அதுக்காகப் பிள்ளை குடிச்ச மாதிரி ஆடணுமால?"

"பிள்ளைட்ட நீயே சொல்லு."

சொன்னேன். யாழினியை மடியில் உட்கார வைத்து, அந்தப் பாட்டு நல்ல பாட்டு இல்லை, நீ கொடி பிடிக்கப் போகிறாய் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள்: "நான் தப்பா ஆடுனேனா அத்தே?"

இல்லை கண்ணு என்று நூறு முறை சொன்னேன். அவளுக்கு அது ஏறவில்லை. தப்பாக ஆடாத பிள்ளையை யாராவது எடுப்பார்களா? அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. சமாதானம் செய்யலாம் என்று இரண்டு பிள்ளைகளையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். சீசன் இல்லாத குற்றாலத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதே ஒரு மடத்தனம். மெயினருவியில் பாறைதான் இருந்தது, ஓரத்தில் குழாயை மூட மறந்த மாதிரி கொஞ்சம் தண்ணீர். பாதிக் கடை பூட்டிக் கிடந்தது. நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். மகிழ் தின்றாள். யாழினி பொட்டலத்தை அப்படியே கையில் வைத்திருந்து, குரங்கு ஒன்று பிடுங்கிக்கொண்டு போனபோதும் அழாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஆனால் மத்தியான நேரங்களில், நான் சமையலறையில் இருக்கும்போது, ஹாலில் அந்தப் பாட்டு மெதுவாகக் கேட்கும். எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவார்கள். யாழினி மகிழை நிற்க வைத்து ஆட்டம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தான் ஆட முடியாததை இன்னொருத்தியை ஆட வைத்துப் பார்த்தாள். "ஏட்டி, கைய இடுப்புல வையி. அப்படி இல்ல, இப்படி." நான் அதைத் தடுக்கவில்லை. அந்தத் துணிச்சல் எனக்குப் போயிருந்தது.

விளையாட்டு விழா என் விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. மூன்று மணிக்குத் தொடங்கும் என்றார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது ஐந்து மணிக்கு. அதுவரை பிள்ளைகள் வெயிலில். உதட்டுச் சாயம் உருகி நாடிக்கு வந்துவிட்டது. ஷாமியானா நிழல் பெரியவர்களுக்கு. விளையாட்டு விழாவில் விளையாட்டு என்று மொத்தம் மூன்று. ஒரு ஓட்டம், ஒரு சாக்கு ஓட்டம், எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து வாயில் கவ்வி ஒரு நடை. ஆட்டம் பதினான்கு. யாழினி கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்து முடித்து, வந்து எங்கள் நடுவே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

யு.கே.ஜி. மேடையேறியது. எட்டுப் பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஏழு பேர். இரண்டாவது வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. யாரும் நகர்ந்து அதை மூடவில்லை. பாட்டு தொடங்கியதும் பெற்றோர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். எனக்குப் பக்கத்தில், தரையை எட்டாத இரண்டு கால்கள் காற்றில் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தன. இரண்டாவது சரணம் முடிந்து வெறும் தாளம் வந்தபோது ஏழு பிள்ளைகளும் வலது காலை முன்னால் வைத்தார்கள். இடது கை இடுப்பில். மூன்று எட்டு முன்னால், ஒரு அரைச்சுற்று, திரும்பிப் பார்த்துக் கண்ணடிப்பு. கூட்டம் விசிலடித்தது.

என் கால் விரல் செருப்புக்குள் தானாக அசைந்தது. எனக்கு இந்த எட்டுகள் தெரியும் என்று நினைத்தேன். ஹாலில் திருட்டுத்தனமாகப் பார்த்ததால் இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

விழா முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த டான்ஸ் மிஸ் ஓடிவந்தாள். வேர்த்து விறுவிறுத்திருந்தாள்.

"மிஸ், என்னத் தெரியலயா? நான் செண்பகா, மிஸ். ஒங்க யு.கே.ஜி. பிள்ளை. எங்கம்மா பீடி சுத்துவாங்கள்லா?"

தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சிரித்தேன்.

"அந்த ஸ்டெப்பப் பாத்தியளா? ஒங்க ஸ்டெப்பு மிஸ். நீங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது. வருசா வருசம் யு.கே.ஜி.க்கு அதத்தான் வைக்கேன். பாட்டு மாறும், அது மட்டும் மாறாது. அதுக்குத்தான் மிஸ் விசிலு."

நான் கையில் எடுத்த செருப்போடு நின்றேன். அவள் நான் மகிழ்ந்து போய்விட்டதாக நினைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா அன்னைக்கு நாங்க ஆடுன பாட்டு வேண்டாம்னு ஒங்ககிட்ட வந்து நின்னாங்கள்லா? நீங்கதான் 'பச்சப்பிள்ளைக்கு என்னம்மா அர்த்தம் தெரியப்போவுது'ன்னு சிரிச்சுப் பேசி அனுப்பி வச்சிய. அன்னைக்கு நீங்க என்ன எடுத்து விட்டிருந்தா நான் ஆடியே இருக்க மாட்டேன் மிஸ். இந்த வேலைக்கும் வந்திருக்க மாட்டேன்."

அப்போதுதான் அந்த அம்மா ஞாபகத்துக்கு வந்தாள். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற கை, புகையிலை ஏறிப் பழுத்த விரல் நுனிகள். "டீச்சர், எங்க தெருவுல குடிச்சிட்டு வாரவன் எல்லாம் இந்தப் பாட்டத்தான் பாடுதான். எம்பிள்ளைக்கு வேற எதாவது குடுங்க டீச்சர்" என்று சொன்னாள். எனக்கு இருபத்திரண்டு வயது. அடிபிடி போட்டு வாங்கிய பாட்டு. சிரித்தேன். ஆமாம், சிரித்துத்தான் அனுப்பினேன். அதை எவ்வளவு சுத்தமாகத் துடைத்துவிட்டு, 'நாங்க வேல பாக்கையில இப்படியா' என்று அண்ணாச்சியிடம் போய் நின்றிருக்கிறேன்! என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினால் அது பாதி உண்மை. நீ ஏனம்மா இதையெல்லாம் ஞாபகம் வைத்திருந்தாய் என்று செண்பகா மேலும் வந்தது.

"பாட்டு நல்லா இல்லன்னு சொன்னியளாம். அண்ணாச்சி சொன்னாங்க" என்றாள் செண்பகா. குரலில் குத்தல் இல்லை. "எனக்கும் தெரியும் மிஸ். சின்னப்பிள்ளைக ஆடுத மாதிரி, தாளத்தோட, புதுசா, தமிழ்ல ஒரு பாட்டு சொல்லுங்க. அடுத்த வருசம் அதயே போடுதேன்."

யோசித்தேன். மைதானத்தில் விளக்குகளை அணைக்கும் வரை யோசித்தேன். நிலாவைக் கூப்பிடுகிற பாட்டும், யானையைக் காட்டுகிற பாட்டும் வந்தன. அவை சோறு ஊட்டுகிற பாட்டு, விழாவில் ஆடுகிற பாட்டு அல்ல. இத்தனை கோடிப் பேர் பேசுகிற மொழியில், வாரத்துக்கு நாலு படம் வருகிற மொழியில், ஐந்து வயதுப் பிள்ளை ஆடுவதற்கென்று வருடத்துக்கு ஒரு பாட்டு போட ஆள் இல்லையா? எழுந்திரு, குதி என்று நாலு வரி எழுத ஒருத்தருக்கும் நேரமில்லையா? குதிக்கிற பாட்டை எல்லாம் குடிகாரனுக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை அதை இரவல் வாங்கி ஆடச் சொல்கிறோம். இதைக் கேட்க எனக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். தகுதி இல்லாதவளாகவே கேட்கிறேன். செண்பகாவிடம், "அனுப்புதேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் அனுப்பவில்லை.

ஏப்ரலில் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. வெயிலும் ஆலங்கட்டியும் மாறி மாறி விழுகிற டச்சு வசந்தம். பிள்ளைகள் ரொட்டியில் சாக்லேட் தூவல் போட்டுத் தின்றுவிட்டு ஆரஞ்சு நிறத்தில் மைதானத்தை நிறைத்தார்கள். பாட்டு தொடங்கியது. எழுந்தார்கள், கையைத் தூக்கினார்கள், குதித்தார்கள். மகிழும் குதித்தாள். நடுவில் சொற்கள் நின்று வெறும் தாளம் வந்தது. இருநூறு பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே கைதட்ட வேண்டிய இடம் அது. என் மகள் இடுப்பில் கை வைத்தாள். மூன்று எட்டு முன்னால் வந்து, அரைச்சுற்றுச் சுற்றி, பெற்றோர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள்.

எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். யுஃப் லோட்டா என் பக்கம் வந்து, "எவ்வளவு அழகு! இது உங்கள் ஊர் நடனமா? யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். யாழினி என்று சொல்லலாம், செண்பகா என்று சொல்லலாம்.

"நான்தான்" என்றேன். என் டச்சு அந்த ஒரு சொல்லுக்குப் போதுமானதாக இருந்தது.

எடுத்த காணொளியைத் தம்பிக்கு அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது, குரல் பதிவாக. பிப்ரவரிக்குப் பிறகு யாழினி என்னிடம் பேசிய முதல் பேச்சு. "அத்தே, மகிழு எடது கால மொதல்ல வைக்குதா. வலது காலுலா மொதல்ல? அவகிட்டச் சொல்லுங்க."

திரும்பத் திரும்ப நாலு தடவை கேட்டேன். பிறகு மகிழைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, வலது காலை முன்னால் வைத்துக் காட்டினேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் காலையில் ஆடிய பாட்டையே இன்னும் பாடிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாளத்துக்கு மூன்று எட்டு முன்னால் போனேன், அரைச்சுற்றுச் சுற்றினேன். கண்ணடிக்காமல் நின்றேன்.

"அம்மா, மறந்துட்ட" என்றாள் மகிழ்.